முதல் கட்டா எது: பினானா, ஷார்ட் ஒன்னா?

கெம்போ என்ற தற்காப்புக் கலை வகுப்பில் வெள்ளை பெல்ட் கட்டிய புதியவருக்கு முதலில் எந்தக் கட்டாவை, அதாவது தனியாகச் செய்யும் எந்த அசைவு வரிசையைச் சொல்லித்தருவது என்பதில் மாஸ்டர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. கெம்போ என்ற ஒரே பெயருக்குள் பல வழிகள் இருப்பதுதான் காரணம். எட் பார்க்கர் வகுத்த அமெரிக்கக் கெம்போவில் ஷார்ட் ஒன், லாங் ஒன் என்று வரிசை தொடங்கும். ஷாவோலின் கெம்போ போன்ற கிளைகளில் பினான் என்ற பெயரில் ஐந்து கட்டாக்கள் பாடத்தில் உண்டு. கராத்தேயிலிருந்து கெம்போவுக்கு வந்த மாஸ்டர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பழகிய ஹெயானையே முதலில் எடுப்பார்கள்; பினானுக்கே ஜப்பானில் வைத்த பெயர் அது.

குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. அடிமுறை என்ற மரபுத் தற்காப்புக் கலை வேரூன்றிய மண் இது. ஆசானிடம் சுவடு படித்த ஒரு பெரியவர் வகுப்பை எட்டிப் பார்த்தால் கையைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். சுவடு என்றாலே கால் பதிந்த தடம். ஒற்றைச் சுவடு, கூட்டச் சுவடு என்று அந்த வித்தையின் பாடமே காலின் பெயரில் நடக்கிறது. கட்டாவை எடைபோடவும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை என்பதே எங்கள் கருத்து. கை அழகாகத் தெரிவது எளிது. கால் பொய் சொல்லாது.

பினான் எதைக் கட்டுகிறது

பினான் வரிசை ஒகினாவாவின் இதோசு அங்கோ பெயரால் அறியப்படுவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கராத்தேயைக் கொண்டுபோனவர் அவர். ஜப்பானில் ஷோடோகான் கராத்தே வழியின் புனகோஷி இதை ஹெயான் என்று பெயர் மாற்றினார். அப்போது முதல் இரண்டையும் இடம் மாற்றினார். ஒகினாவா வழியில் பினான் நிதான் (இரண்டாவது) என்பதுதான் ஷோடோகானில் ஹெயான் ஷோதான் (முதலாவது). வேறு பள்ளியிலிருந்து வந்த மாணவர் ‘எனக்கு ஷோதான் தெரியும்’ என்று சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்து காட்டினால் திட்ட வேண்டாம், காரணம் இதுதான்.

ஹெயான் ஷோதானில் 21 எண்ணிக்கை. இடப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஓர் அடி முன்வைத்துக் குத்து, பின்னால் திரும்பி மறுபடி கீழ்த்தடுப்பு என்று தொடங்கும். 9ஆவது எண்ணிக்கையில் மேல்தடுப்போடு ஒரு கீயாய் (உரத்த கத்தல்), 17இல் குத்தோடு இன்னொன்று. கடைசி நான்கும் எடையைப் பின்காலில் வைக்கும் பின்கால் நிலையில், விரித்த கையின் விளிம்பால் செய்யும் கத்திக்கைத் தடுப்பு. தடம் தரையில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் விழும்.

இதைக் கற்றுத்தர நான்கு துண்டாக்குவது நல்லது: 1 முதல் 5, 6 முதல் 9, 10 முதல் 17, 18 முதல் 21. வாரம் மூன்று வகுப்பு என்றால் துண்டுக்கு ஒரு வாரம். நினைவில் நிற்க ஒரு மாதம் போதும். நிலை சரியாக இன்னும் மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதத்துக்குப் பொறுமை இல்லாத இடத்தில்தான் பினான் வெறும் டிரில் ஆகிவிடுகிறது.

பிள்ளைகள் சறுக்குகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: 9ஆவதுக்குப் பிறகும் 17ஆவதுக்குப் பிறகும் வரும் 270 பாகைத் திருப்பம். பின்கால் உடம்புக்குப் பின்னாலேயே சுற்றிப் போய் எதிர்ப்பக்கம் விழ வேண்டும். பாதி வழியில் நின்றால் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடும். பிறகு தோளில் லேசாகத் தள்ளினாலே பக்கவாட்டில் சாய்வார்கள். முன்முட்டியை மடக்கி நீளமாக நிற்கும் முன்வளை நிலையில் இரண்டு குதிகாலுக்கும் பக்கவாட்டில் ஒரு தோளகலம் இடைவெளி வேண்டும், எடையில் சுமார் 60 சதம் முன்காலில். திரும்பும்போது பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு முட்டியை மட்டும் முறுக்கினால் வலி அன்றே தொடங்கிவிடும். சொரசொரப்பான சிமென்ட் மாடியில் வெறுங்காலோடு செய்கிறவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அங்கே பாதம் தானாக வழுக்கித் திரும்பாது, எடையைத் தூக்கித்தான் திருப்ப வேண்டும்.

இடமும் ஒரு பிரச்சனை. முன்னே நான்கு காலடி, இருபுறமும் இரண்டிரண்டு காலடி. வளர்ந்த ஆளுக்கு ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டராவது வேண்டும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற ஊரில் மைதான வகுப்பு வராந்தாவுக்குள் ஒதுங்கும் நாட்கள் ஏராளம். அன்றைக்குப் பத்துப் பேர் சேர்ந்து ஹெயான் செய்ய முடியாது.

ஷார்ட் ஒன் எதைக் கேட்கிறது

எட் பார்க்கர் 1931இல் ஹொனலூலுவில் பிறந்தவர், கெம்போ ஆசிரியர் வில்லியம் சௌவிடம் படித்தவர். கலிஃபோர்னியாவின் பசடீனாவில் அவர் பள்ளி திறந்தது 1956இல். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். அவர் வழியில் ஒன்று, இரண்டு எண்ணுள்ள கட்டாக்களை அகராதி என்பார்கள், மூன்றைக் கலைக்களஞ்சியம் என்பார்கள். முதலில் சொல், பிறகு வாக்கியம்.

ஷார்ட் ஒன்னில் குத்தோ உதையோ கிடையாது. எட்டுத் தடுப்பு, அவ்வளவுதான். பார்க்கர் வழியில் திசையைக் கடிகார முள்ளால் சொல்வார்கள். 12 மணித் திசையில் உள்தடுப்பு இரண்டு, 9 மணித் திசையில் வெளித்தடுப்பு இரண்டு, 3இல் மேல்தடுப்பு இரண்டு, 6இல் கீழ்த்தடுப்பு இரண்டு. ஒவ்வொன்றும் காலைப் பின்னால் எடுத்து வைத்தோ புதுத் திசைக்குத் திரும்பியோ செய்வது. முன்னால் இருக்கும் கைதான் தடுக்கும், மற்றது இடுப்பில். லாங் ஒன்னில் அதே தடுப்போடு பின்கைக் குத்து சேரும். குத்தும்போது எடை இரண்டு காலிலும் சமமாக நிற்கும் நடுநிலை வில் என்ற நிலையிலிருந்து, எடை முன்காலுக்குப் போகும் முன்வில் நிலைக்கு இடுப்பு திரும்பும். ஷார்ட் டூவில்தான் முன்னேறுதல் வருகிறது.

எட்டே எட்டு என்பதால் இரண்டு வகுப்பில் மனப்பாடம் ஆகிவிடும். ஆபத்தும் அங்கேதான். ‘தெரிந்துவிட்டது’ என்று மாணவர் முடிவு கட்டிவிடுவார். நடுநிலை வில்லுக்கு இரண்டு அளவு உண்டு. முன்காலின் விரல் நுனியும் பின்காலின் குதியும் ஒரே நேர்கோட்டில் இருப்பது அகலம். பின்முட்டியைத் தரையில் ஊன்றினால் அது முன்குதிக்குப் பக்கத்தில் வந்து நிற்பது நீளம். எடை பாதிக்குப் பாதி. வகுப்பில் எட்டாவது தடுப்பு முடிந்ததும் ‘நில்’ என்று சொல்லி, அந்த இடத்திலேயே பின்முட்டியை ஊன்றச் சொல்லுங்கள். பத்தில் எத்தனை பேருக்கு முட்டி சரியான இடத்தில் விழுகிறது என்று பார்த்தால் அந்த வகுப்பின் நிலைமை தெரிந்துவிடும்.

கையில் வரும் பிழை இரண்டு. உள்தடுப்பு எதிர்த் தோளையும் தாண்டிப் போய்விடுவது ஒன்று. குத்து மூக்கைத் தாண்டியதும் வேலை முடிந்தது, அதற்குமேல் போகிற ஒவ்வொரு அங்குலமும் விலாவைத் திறந்துகாட்டுவது. இன்னொன்று, கால் ஊன்றுவதற்கு முன்பே கை முடிந்துவிடுவது. காலும் கையும் ஒரே நொடியில் இறங்கினால்தான் உடம்பின் எடை தடுப்புக்குள் போகும். பின்வாங்குகிற கட்டா என்பதால் நெஞ்சு பின்னால் சாயும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். காதுக்கு நேர்கீழே தோள், தோளுக்கு நேர்கீழே இடுப்பு என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துத் திருத்துங்கள்.

மூன்று மீட்டர் இடம் போதும். வீட்டு மாடியிலும் ஆகும்.

மணலில் ஒரு சோதனை

இரண்டையும் எடைபோட இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் செலவில்லாத கருவி ஒன்று இருக்கிறது. சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ அலை வடிந்து இறுகிய ஈர மணல். காய்ந்த மணல் வேண்டாம், கால் புதைந்து திரும்பும்போது கணுக்கால் பிசகும். அலைக்கு முதுகு காட்டி நிற்கவும் கூடாது, நம் கடல் அப்படிப்பட்டது.

கட்டாவை ஒருமுறை செய்துவிட்டு விலகி நின்று தடத்தைப் படியுங்கள். குதி ஆழமாகவும் விரல்பக்கம் மேலோட்டமாகவும் பதிந்திருந்தால் பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள். திரும்பிய இடத்தில் விசிறிபோல மணல் கலைந்திருந்தால் பாதத்தை இழுத்துத் திருப்பியிருக்கிறீர்கள். ஹெயானில் 10ஆவது எண்ணிக்கைக்கு உரிய தடம் இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் 270 திருப்பம் பாதியில் நின்றிருக்கிறது. ஒரு குச்சியால் அளந்து, அடுத்த முறை அதே அளவு வருகிறதா என்று பாருங்கள். இந்த ஒப்பீட்டில் ஷார்ட் ஒன்தான் சீக்கிரம் திருந்துகிறது, பிழை செய்ய இடம் குறைவு என்பதால். ஆனால் ஹெயான் திருந்தினால் கால் வலு பல மடங்கு கூடியிருக்கும். நீளமான நிலையில் இறங்கி ஏறுவது வேறு உழைப்பு.

எதிரில் ஆள் நின்றால்

கட்டா வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் பாதி இங்கே தீர்ந்துவிடும். பார்ட்னர் குத்தும்போது தடுக்காமல் நின்றால் முஷ்டி நெஞ்சைத் தொட வேண்டும். முதலில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஓர் அடி எட்டத்தில் காற்றில் நிற்கும் குத்தைத் தடுத்துப் பழகினால் எல்லாத் தடுப்பும் வேலை செய்வதுபோலவே தோன்றும்.

ஷார்ட் ஒன் இந்தச் சோதனையில் நேராக நிற்கிறது. பின்வாங்கி, உள்தடுப்பு. குத்து வந்தது, விலகியது. விளக்கமே தேவையில்லை. முதல் நாளே பார்ட்னரோடு செய்யலாம். பிடித்தவர்களிடமிருந்து விடுபடும் பாடம் ஷார்ட் த்ரீயில் வரும், அதுவரை காத்திருக்க வேண்டும்.

ஹெயானில் விளக்கம் வேண்டும். முதல் கீழ்த்தடுப்பை உதைக்கு எதிராக நேராக இறக்கினால் முன்கை எலும்பு கணைக்கால் எலும்பில் மோதும். அடிபடுவது பெரும்பாலும் கைதான். ஒதுங்கியபடி சாய்வாகத் தட்டினால்தான் அது தடுப்பு. ஆனால் 4ஆவது எண்ணிக்கையைப் பாருங்கள். முன்காலை இழுத்துக்கொண்டு கையை வட்டமாகச் சுழற்றிச் சுத்தியல் முஷ்டியால் இறக்குவது. மணிக்கட்டைப் பிடித்தவனிடம் செய்தால் பிடி கட்டைவிரல் பக்கம் வழியாக விடும், காலை இழுப்பதால் அவன் சமநிலையும் போகும். அடிமுறையில் பிடி, பூட்டு என்று படித்தவர்களுக்கு இந்த ஓர் அசைவு உடனே புரியும். முதல் கட்டாவிலேயே இப்படி ஒன்று கிடைப்பது பினானின் பலம். ஆனால் மாஸ்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

“மாஸ்டர், இந்தக் கையை எதுக்குச் சுத்துறோம்?”

“சொன்னதச் செய்டே, பிறகு புரியும்.”

இந்தப் பதில் ஆறு மாதம் கழித்தும் மாறவில்லை என்றால் அந்த வகுப்பில் எந்தக் கட்டாவும் பயன்தராது. பார்க்கர் வழியில் கேள்விக்கென்றே படி உண்டு. முதலில் எல்லாம் எதிர்பார்த்தபடியே நடக்கும் குறை இல்லாத சூழல், அடுத்து ‘இப்படி வந்தால்?’ என்ற கட்டம், பிறகு தானாக உருவாக்கும் கட்டம். நன்மைதான். ஆனால் முதல் படி உறுதியாகாமல் இரண்டாவதுக்குத் தாவி, வகுப்பு முழுக்க வாதத்திலேயே போவதும் நடக்கிறது. ஒரு வகுப்பில் ஒரு ‘இப்படி வந்தால்’ போதும், பத்து நிமிடம்.

மாற்றலாமா என்ற வாதம்

மரபுக் கட்டாவில் கை வைக்கக் கூடாது என்கிறவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். பினானே பள்ளிக்குப் பள்ளி மாறியது. கத்திக்கைத் தடுப்புக்கு ஒகினாவா ஷோரின் வழிகளில் குட்டையான பூனை நிலை, ஷோடோகானில் நீளமான பின்கால் நிலை. இன்னொரு கட்டாவில் முன்னுதையாக இருந்தது ஷோடோகானில் பக்க உதையானது. ஆகவே ‘ஆதி வடிவம்’ என்று ஒரே ஒன்றைக் காட்டி அடித்துப் பேச முடியாது.

அதற்காக வெள்ளை பெல்ட்காரர் மாற்றலாம் என்று ஆகாது. காரணம் தெரியாமல் மாற்றுவது இழப்பு. ஓர் அசைவை மாற்ற நினைப்பவர் அதன் பழைய வடிவத்தைப் பார்ட்னரிடம் இரண்டு விதமாகச் செய்துகாட்டட்டும், பிறகு புது வடிவத்தைக் காட்டட்டும். மாற்றத்தை நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கட்டும். அதைச் செய்யாத வகுப்புகளில் ஐந்து வருடத்தில் அண்ணன் செய்யும் கட்டாவும் தம்பி செய்யும் கட்டாவும் வேறாகிவிடும், எது சரி என்று சொல்ல ஆளும் இருக்காது.

யாருக்கு எது

போட்டிக்குப் போகிற பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம், பினான் அல்லது ஹெயான். உலக கராத்தே கூட்டமைப்பின் கட்டாப் பட்டியலில் பார்க்கரின் கட்டாக்கள் இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு வயதுக் கூட்டத்துக்கும் எண்ணிக்கையோடு சேர்ந்து செய்கிற ஹெயான்தான் ஏற்றது.

முப்பது தாண்டியவர், முட்டியில் தொந்தரவு உள்ளவர், வேலை முடிந்து வாரம் இரண்டு நாள்தான் வர முடிகிறவர் ஷார்ட் ஒன்னில் தொடங்கட்டும். முட்டி ஊன்றும் சோதனையில் எட்டு இடத்திலும் தேறிய பிறகு லாங் ஒன். அப்போதும் ஹெயான் ஷோதானின் முதல் ஐந்து எண்ணிக்கையை மட்டும் தனியாக எடுத்துப் பார்ட்னரோடு பழகிக்கொள்ளலாம்.

இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்குவது மட்டும் வேண்டாம். நடுநிலை வில்லும் முன்வளை நிலையும் காலுக்குள் கலந்து, இரண்டுக்கும் நடுவில் பெயரில்லாத ஒரு நிலை உருவாகும். ஈர மணலில் அது தெளிவாகத் தெரியும்: ஒரு தடம் நீளம், அடுத்தது குட்டை, மூன்றாவது கோணல். ஒன்று நிலைத்த பிறகு குறைந்தது மூன்று மாதம் விட்டு மற்றதைத் தொடுங்கள்.