உதிரிப்பூச் சந்தைக்கு எதை விதைப்பது: செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, ஆஸ்டர்

மல்லிகையும் அரளியும் ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் பூக்கும். குத்தகை நிலத்தில் பயிர் செய்பவருக்கும், நெல்லுக்கும் காய்கறிக்கும் இடையே ஒரு போகத்தை நிரப்ப விரும்புபவருக்கும் அவை பொருந்துவதில்லை. விதையிலிருந்து வளர்ந்து நான்கைந்து மாதங்களுக்குள் நிலத்தைத் திருப்பித் தந்துவிடும் பூக்களே அவர்களுக்கு ஏற்றவை. அவற்றுள் எதைத் தேர்வது என்ற கேள்வி எழுந்தால், பெரும்பாலோர் அன்றைய சந்தையின் கிலோ விலையைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மலர்ந்த பூ செடியிலேயே எத்தனை நாள் காத்திருக்கும், அடுத்த போகத்துக்கான விதை யார் கையில் இருக்கும் ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே விலையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விளைச்சலைப் பொறுத்தவரை செண்டுமல்லிக்கு நிகரில்லை. குழித்தட்டில் வளர்த்த வீரிய ஒட்டு நாற்றை இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 செடிகள் பிடிக்கும். நட்ட மூன்று நான்கு வாரங்களில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பறிப்பு மும்முரமாகிவிடும். அதன் வேரிலிருந்து கசியும் பொருள் வேர்முடிச்சு நூற்புழுவைக் கட்டுப்படுத்துவதால், பின்னால் தக்காளியோ கத்தரியோ வைப்பவருக்கு அது கூடுதல் ஆதாயம். ஆரஞ்சு நிறப் பூக்களிலிருந்து லூட்டீன் என்ற நிறமியைப் பிரிக்கும் ஆலைகள் ஒப்பந்த விலைக்கு வாங்குவதும் உண்டு. அந்த விலை திருவிழாக்கால ஏலத்தின் உச்சத்தைத் தொடாது என்றாலும், ஏலம் சரியும் நாளில் கைகொடுக்கும்.

ஆனால் செண்டுமல்லி காத்திருக்காது. மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆகவேண்டும். ஆள் வராத வாரத்தில் பூ முற்றி, அடியிதழ் பழுத்து, மண்டியில் தள்ளுபடியாகிறது. மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். அடுக்கடுக்கான இதழ்களுக்கிடையே நீர் தங்கிவிடுவதால் பூ எடை கூடித் தலை சாய்கிறது. ஈரத்தோடு சாக்கில் அடைத்த மூட்டைக்குள் சற்று நேரம் கழித்துக் கைவிட்டுப் பார்த்தால் உள்ளே சூடேறியிருப்பது தெரியும், காம்புப் பக்கம் கறுக்கத் தொடங்கியிருக்கும். விதையும் விவசாயியின் கையில் இல்லை. வீரிய ஒட்டுச் செடியின் விதையைச் சேமித்து விதைத்தால், அடுத்த தலைமுறையில் குட்டையும் நெட்டையும், ஒற்றையடுக்கும் பல அடுக்குமாகக் கலந்து வரும். எனவே ஒவ்வொரு போகத்துக்கும் நாற்றுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

கோழிக்கொண்டை இந்த இரண்டிலும் நேர்மாறானது. மலர்ந்த கொண்டை செடியில் பல நாள் நிறம் மாறாமல் நிற்பதால், விலை இறங்கிய வாரத்தில் அறுவடையைத் தள்ளிப்போட முடியும். ஆளும் வண்டியும் ஒன்றாகக் கிடைக்கும் நாளாகப் பார்த்து அறுக்கலாம். முற்றிய கொண்டையைத் தாளின்மேல் கவிழ்த்துத் தட்டினால், அதன் அடிப்பகுதியிலிருந்து கறுத்துப் பளபளக்கும் பொடி விதைகள் கொட்டுகின்றன. அகலமான கொண்டையும் ஆழ்ந்த நிறமும் உள்ள சில செடிகளை மட்டும் விதைக்கென்று விட்டுவைத்தால், மறுபோகத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இவ்வளவு நுண்ணிய விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிதாக மட்டும் மூடவேண்டும். ஆழமாகப் புதைத்தால் முளைப்பு குறையும். அறுவடையை அளவுக்கு மீறித் தாமதித்தால் விதை உதிர்ந்து அடுத்த பயிரில் களையாக எழும் என்பதை மறக்கக்கூடாது. மாலை கட்ட இதற்குத் தேவை செண்டுமல்லியின் அளவுக்கு இல்லை. ஆகவே ஓர் ஊரே இதற்கு மாறினால் விலை நிற்காது.

வாடாமல்லி காத்திருப்பதில் கோழிக்கொண்டையையும் மிஞ்சும், உலர்ந்த பிறகும் நிறம் நிற்கும். ஆனால் பூ சிறியது, எடையில்லாதது. ஒரு கிலோ சேர்க்கப் பிடிக்கும் நேரம் அதிகம். வீட்டு ஆட்களே பறிக்கும் கால் ஏக்கருக்கு அது நல்ல பயிர். கூலி ஆளை நம்பிப் பெரிதாகப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சைனா ஆஸ்டர் உதிரிப்பூவாகவும், தண்டோடு கட்டுகளாகவும் விற்கக்கூடியது என்பதால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில், பெங்களூருச் சந்தையை எட்டக்கூடியவர்களுக்குத் தனி வாய்ப்பு. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட காமினி, பூர்ணிமா, சசாங்க், வயலட் குஷன் ஆகியவை வீரிய ஒட்டு அல்லாத ரகங்கள். விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் ஆஸ்டர் விதையின் முளைப்புத்திறன் விரைவாகக் குறைவதால் பழைய விதையை நம்பி நாற்றங்கால் போடக்கூடாது. ஓரடிக்கு ஓரடி நட்டால் ஏக்கருக்கு 45,000 நாற்று வரை தேவைப்படும். பகல் குறுகிய மாதங்களில் தண்டு நீளாது. வாடல் நோய் மண்ணில் தங்குவதால், அதே வயலில் தொடர்ந்து பயிரிடவும் இயலாது. சமவெளியின் வெப்பத்தில் இதை முயல்வோருக்கு என் பதில் வேண்டாம் என்பதே.

விலை உயரும் காலம் எல்லோருக்கும் தெரியும். ஓணத்துக்குத் தோவாளையிலிருந்து கேரளத்துக்குப் பூ போகிறது. ஆயுதபூஜைக்குத் தமிழகமே செண்டுமல்லி வாங்குகிறது. ஆயுதபூஜையிலிருந்து பின்னோக்கி 80 முதல் 85 நாள் எண்ணி எல்லோரும் ஒரே வாரத்தில் விதைப்பதால், பூஜை முடிந்த மறுநாள் அதே பூவைக் கேட்க ஆளிருப்பதில்லை. ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் பாதி நிலத்தில் செண்டுமல்லியை ஒரே நாளில் நடாமல் பத்துப் பத்து நாள் இடைவெளியில் மூன்று பாகமாக நட்டு, மீதியில் பெரும்பகுதியைக் கோழிக்கொண்டைக்கும் ஓரத்தை வாடாமல்லிக்கும் ஒதுக்கினால், பண்டிகை விலையில் ஒரு பங்கு கிடைக்கும். விலை விழும் வாரத்தில் பறிக்காமல் விட்டுவைக்கவும் வயலில் பூ இருக்கும்.