டிவிடியை ‘ஃபுல் ஹெச்டி’ ஆக்கித் தருகிறோம் என்றால் உஷார்!

பழைய கல்யாண டிவிடியை ‘ஃபுல் ஹெச்டி’யாக மாற்ற ஒரு ஸ்டுடியோ 1,200 ரூபாய் வாங்கியது. இரண்டு மணி நேரப் படம் 11 ஜிபி ஃபைலாக பென் டிரைவில் வந்தது. டிஸ்க்கில் இருந்ததே 4.3 ஜிபி! மிச்சம் வெறும் காற்று. இந்தியாவில் எழுதும் டிவிடியில் ஒரு ஃப்ரேம் 720×576 புள்ளிகள். அதை 1920×1080 ஆக இழுத்தால் புள்ளி கூடும், விவரம் கூடாது. பிட்ரேட்டை (ஒரு நொடிப் படத்துக்குச் செலவாகும் டேட்டா) 12 எம்பிபிஎஸ்க்கு ஏற்றி ஃபைலை ஊதியிருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்த்தால் 4:3 அகல-உயர விகிதப் படத்தை அகலமான 16:9க்கு இழுத்ததில் எல்லார் முகமும் பூசணிக்காய். அட்சதை தூவும் கைகளில் சீப்புப் பல் போலக் கோடுகள். டிவிடி படம் இன்டர்லேஸ் முறை. ஒரு ஃப்ரேமின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் 1/50 நொடி இடைவெளியில் எடுத்தவை. இந்த இரண்டு வகை வரிகளையும் முழு ஃப்ரேமாகச் சரிசெய்வதுதான் டீஇன்டர்லேஸ். அதைச் செய்யாமல் பெரிதாக்கினால் அந்தக் கோடு படத்தோடு உருகி ஒட்டிவிடும், பிறகு எடுக்க வழியில்லை. ஃபைலின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ ஆப்பில் ‘புரோகிரெசிவ்’ (இன்டர்லேஸ் இல்லாத முழு ஃப்ரேம்) என்றுதான் காட்டியது. அது ஃபைலில் ஒட்டிய லேபிள்தான்; வேகமாக அசையும் இடத்தில் நிறுத்திப் பார்ப்பதே சோதனை.

இன்னொன்று: கெட்டிமேளம் தொடங்கி ஒன்றரை நொடி கழித்துத்தான் தவில்காரர் கை அசைகிறது. டிஸ்க்கில் படம் 1 ஜிபி துண்டுகளாக, விஓபி ஃபைல்களாக இருக்கும். துண்டு முடிகிற இடம் ஃப்ரேம் முடிகிற இடமாக இருக்கவேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் தனியாக மாற்றி ஒட்டினால் முனையில் படமும் ஒலியும் வேறு வேறு அளவு வெட்டுப்படும். ஒட்டுக்கு ஒட்டு விலகல் ஏறும்.

இத்தனைக்கும் இது வீடியோ மாற்றும் இலவச மென்பொருள் ஹேண்ட்பிரேக் போதும் வேலை. டிஸ்க்கில் விஓபி ஃபைல்கள் இருக்கும் வீடியோ_டிஎஸ் ஃபோல்டர் முழுவதையும் முதலில் ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். பாதியில் நின்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள் (வட்டமாகத் தேய்க்க வேண்டாம்), வேறு டிரைவிலும் போட்டுப் பாருங்கள். ஹேண்ட்பிரேக்கில் அந்த ஃபோல்டரையே திறக்கவேண்டும், தனி விஓபியை அல்ல. நீளமான டைட்டிலைத் (டிஸ்க்கில் உள்ள படம்) தேர்ந்து, இப்படி வையுங்கள்: ஃபைல் வகை எம்பி4, வீடியோ ஹெச்.264, தரம் ஆர்எஃப் 20, டீஇன்டர்லேஸ் முறை பிவ்டிஃப் (Bwdif), ஒலி ஏஏசி 160. ஃப்ரேம் ரேட் மூலத்தில் உள்ளபடியே. நொடிக்கு 25 ஃப்ரேமை 30 ஆக்கினால் நடை குதிக்கும். அளவைத் தொடாதீர்கள், அனமார்ஃபிக் (ஓடும்போது படத்தின் விகிதத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ‘ஆட்டோ’வில் இருந்தால் விகிதம் தானே சரியாகும். ‘வெப் ஆப்டிமைஸ்டு’ டிக் செய்தால் நெட்டில் பார்க்கும்போது ஃபைல் முழுவதும் இறங்கும் முன்பே படம் ஓடத் தொடங்கும். இரண்டு மணி நேரம் பெரும்பாலும் 1 முதல் 2 ஜிபிக்குள் அடங்கும்.

வாட்ஸ்அப்பில் கேலரியிலிருந்து அனுப்பினால் மறுபடி நசுக்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக 2 ஜிபி வரை அப்படியே போகும். பெரிதாக்குவதற்கு நியாயமான காரணம் யூடியூப் ஒன்றுதான்: 576 வரிப் படத்தை அது 480ஆகக் குறைத்துவிடும், டீஇன்டர்லேஸ் செய்தபின் 720க்கு ஏற்றிக் கொடுத்தால் கொஞ்சம் தெளிவு மிஞ்சும்.

கடையில்தான் கொடுக்கவேண்டும் என்றால் வீடியோ_டிஎஸ் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். முழுப் பணம் தருமுன் அங்கேயே கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டி, உதடும் பேச்சும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.