ஆப்பிரிக்கன் சிக்லிட் கூட எந்த மீன் விடலாம்? எங்க சப்பைத்தண்ணில நான் போட்டுப் பார்த்தது

எங்க கொழிஞ்சாம்பாறை போர் தண்ணில பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, கெட்டில் அடியில ரெண்டே வாரத்துல வெள்ளையா காரை கட்டிக்கும். சப்பைத்தண்ணின்னு ஊரே திட்டுற இந்தத் தண்ணிய நம்பித்தான் நான் ஆப்பிரிக்கன் சிக்லிட் வளர்க்க ஆரம்பிச்சேன், ஏன்னா இந்த மீனுங்களோட சொந்த இடமான ஆப்பிரிக்காவுல மலாவி ஏரில பிஎச் 7.7-ல இருந்து 8.6 வரைக்கும் இருக்கும், எங்க போர்ல எப்ப டெஸ்ட் பண்ணாலும் 8-ஐ ஒட்டித்தான் நிக்குது. தண்ணிய கெட்டியாக்கற உப்பு மட்டும் ஏரிய விட எங்க தண்ணில ரொம்ப அதிகம், மலாவி தண்ணி நாம நினைக்கற அளவுக்கு கடினமெல்லாம் கிடையாது, அதனால வாரா வாரம் மாத்தறப்ப பாதிக்குப் பாதி பைப் தண்ணிய குளோரின் எடுத்துட்டு கலந்துக்கறேன்.

டேங்க் 4 அடி நீளம், ஒண்ணரைக்கு ஒண்ணரை, கிட்டத்தட்ட 250 லிட்டர். உள்ள எல்லோ லேப்பும் ரஸ்டியும் சேர்த்து 16 உருப்படி, ரெண்டுமே மபூனா, அதாவது மலாவி ஏரில பாறைய ஒட்டி வாழற சிக்லிட். பார்க்க வர்ற எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், இதுங்க கூட வேற என்ன விடலாம்? கடைல கேட்டா “நல்லா சண்டை போடற மீனா பார்த்து விடுங்க, தாக்குப்பிடிக்கும்”னு சொல்லி அனுப்பிடறாங்க. நானும் அதக் கேட்டு காசையும் மீனையும் தொலைச்சிருக்கேன். இப்ப நான் பார்க்கறது ரெண்டே விஷயம்: ரெண்டுக்கும் ஒரே தண்ணி ஒத்துக்குமா, ரெண்டுக்கும் ஒரே சாப்பாடு போட முடியுமா. சண்டையெல்லாம் அதுக்கப்புறம்தான்.

தண்ணி எவ்வளவு முக்கியம்னா, என் தங்கச்சி வீட்டுக்காரர் ஒத்தப்பாலத்துல இருக்காரு, இங்கிருந்து ஒண்ணரை மணி நேரம், அவ்வளவுதான் தூரம். என் டேங்க்ல இருக்கறதயே அப்படியே வாங்கி விட்டுட்டு “மச்சான், உங்ககிட்ட துள்ளுது, எங்கிட்ட ஏன் மூலைல போய் நிக்குது?”ன்னு போன் பண்றாரு. அங்க வெட்டுக்கல்லு பூமி, கிணத்துத்தண்ணி மெதுத்தண்ணி, அதாவது அந்த உப்பெல்லாம் கம்மி, பிஎச் 6 கிட்ட இருந்துச்சு. “மாப்ள, தண்ணில ஒண்ணுமே இல்ல, கோரல் துண்டு ஒரு பை வாங்கி ஃபில்டர்ல போடுங்க, பிஎச்ச ஒரேடியா ஏத்தாம மெதுவா ஏறட்டும்”னு சொன்னேன். அவருக்கு நான் சொல்ற லிஸ்டும் எனக்கு நானே சொல்லிக்கற லிஸ்டும் ஒண்ணா இருக்க முடியாதுங்க, இதப் படிக்கறவங்களும் முதல்ல உங்க தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டு மேல படிங்க.

முதல்ல அடிமட்டத்துக்கு வர்றேன், ஏன்னா எல்லாரும் முதல்ல வாங்கறது அடியில திரியற மீனத்தான். இங்க நேருக்கு நேர் போட்டி சைனோடோன்டிஸ்ங்கற ஆப்பிரிக்கன் கெளுத்திக்கும் போட்டியாவுக்கும், போட்டியான்னா ஆரஞ்சு உடம்புல கறுப்புப் பட்டை போட்ட க்ளவுன் லோச். அழகுல போட்டியா தான் ஜெயிக்கும், நான் ஒத்துக்கறேன். ஒரு சைனோ விலைல மூணு குட்டி போட்டியா வரும், எனக்கும் அப்படித்தான் ஒரு கடைல கட்டிக் குடுத்தாங்க. ஆனா அது சுமத்ரா, போர்னியோ பக்கத்து ஆத்து மீன், மெதுத்தண்ணி கேக்கற ஜாதி, அஞ்சாறு சேர்ந்து இருந்தாத்தான் தைரியமா வெளிய வரும், நல்லா வளர்ந்தா ஒரு அடி போகும். செதில் ரொம்பப் பொடிசு, அதனால மருந்து போட்டா மத்த மீன விட இதுக்குத்தான் முதல்ல தாங்காது. என்னோட மூணும் ரெண்டு மாசத்துல வெளுத்துப் போயி பைப்புக்குப் பின்னாடியே கிடந்துச்சு, அப்புறம் வெள்ளைப்புள்ளி வந்துச்சு, மருந்த பாதி அளவு போட்டும் காப்பாத்த முடியல. சிக்லிட் ஒண்ணுகூட அதக் கடிக்கலங்க. தண்ணியே அதுக்கு எதிரியா இருந்துச்சு, அந்த மீனுங்களுக்கு நான் செஞ்சது தப்புன்னு இன்னிக்கும் மனசுல இருக்கு.

சைனோடோன்டிஸ் கதை வேற. அதுல பெட்ரிகோலாவும், அதே பேர்ல விக்கற லூசிபின்னிஸும் ஆப்பிரிக்காவுல இன்னொரு ஏரியான டாங்கனிக்காவுலயே பொறந்து வளர்ற ஜாதி, அங்க பிஎச் 9-ஐத் தொடும், எங்க போரெல்லாம் அதுக்கு ஒரு விஷயமே இல்ல. அளவும் ஒரு 10 சென்டிமீட்டர், விரல் நீளம்தான். தலைல எலும்புக் கவசம், முதுகுலயும் பக்கத்துலயும் முள்ளு, மபூனா வந்து முட்டினாலும் அசையாது, பாறைச் சந்துல தலைகீழா ஒட்டிக்கிட்டு நிக்கும். சாப்பாட்டுலயும் தகராறு இல்ல, கீழ விழுந்தது எதுவானாலும் தின்னுக்கும். பிடிக்கறப்ப மட்டும் வலை போடாதீங்க, முள்ளு லாக் ஆகி வலைல சிக்கிக்கும், பிளாஸ்டிக் டப்பால தள்ளி எடுங்க. மூணுக்குக் குறைஞ்சு வாங்கவும் வேண்டாம், தனியா விட்டா பகல்ல கண்ணுலயே படாது. கடைல சைனோன்னு சொல்லி ஃபெதர்ஃபின் குடுப்பாங்க, ரெக்கை பெருசா விசிறி மாதிரி இருக்கும், அது 20 சென்டிமீட்டருக்கு மேல போகும், 4 அடி டேங்க்குக்கு அது வேண்டாம்.

சைனோவுலயே குக்கூ கேட்ஃபிஷ்னு ஒண்ணு இருக்கு, மல்டிபங்டேட்டஸ். சிக்லிட் முட்டைய வாயில வெச்சு அடைகாக்கும்ல, அது முட்டை போடற நேரம் பார்த்து இது ஊடால புகுந்து தன் முட்டையவும் கலந்து விட்டுரும். தாய் சிக்லிட் எல்லாத்தயும் சேர்த்து வாயில எடுத்துக்கும், குக்கூ குஞ்சு முதல்ல பொரிச்சு உள்ளயே இருந்துக்கிட்டு சிக்லிட் குஞ்சத் தின்னு வளரும். குயில் காக்காய்க்கு செய்யற வேலைய மீன் செய்யுதுன்னு 1986-ல தான் ஆராய்ச்சியா எழுதி வெளிவந்துச்சு. பார்க்க அதிசயம்தான், ஆனா லேப் குஞ்சு எடுக்கணும்னு ஆசைப்படறவங்க இத விட்டா குஞ்சு கைக்கு வராது, நான் அதனாலதான் பெட்ரிகோலாவோட நின்னுட்டேன்.

பாசி திங்கறதுக்குன்னு எல்லாரும் சக்கர் மீன் வாங்குவாங்க. வேண்டாம்ங்க. அது ஒண்ணரை அடி வரைக்கும் போகும், அப்புறம் வெச்சுக்க முடியாம ஆத்துலயோ குளத்துலயோ கொண்டுபோய் விடறாங்க, கேரளா, தமிழ்நாடு ரெண்டு பக்கமும் நீர்நிலைல அது பெருகிக் கிடக்கு. தயவுசெஞ்சு அந்த வேலைய செய்யாதீங்க. அதுக்கு பதிலா அதே மாதிரி பாசி திங்கற பிரிசில்நோஸ் 12, 15 சென்டிமீட்டரோட நின்னுக்கும், மொகத்துல மீசை கொத்தா இருக்கும், கெட்டித்தண்ணியும் ஓரளவு பழகிக்கும். ஒளிய ஒரு குகையும் ஒரு மரத்துண்டும் வெச்சா போதும். சைனோவா பிரிசில்நோஸான்னா நான் சைனோ பக்கம்தான், ஆனா பட்ஜெட் இல்லன்னா பிரிசில்நோஸ் தாராளமா வாங்கலாம்.

மேல்மட்டத்துக்கு எதுக்கு மீன்னு கேக்கலாம். மேல வேகமா நீந்தற கூட்டம் ஒண்ணு இருந்தா சிக்லிட் பயமில்லாம வெளிய வருது, ஒண்ணையே துரத்திக்கிட்டு இருக்கற ஆம்பளைக்கும் கவனம் சிதறுது. இதுல நான் பார்த்தது மூணு. ஜெயன்ட் டேனியோ, விலை கம்மி, 10 சென்டிமீட்டர், அம்பு மாதிரி ஓடும், எந்த மபூனாவுக்கும் சிக்காது. அதோட சொந்தக்கார மலபார் டேனியோ நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைலயே இருக்கு. அடுத்தது போசெமானி ரெயின்போ, முன்பாதி நீலம் பின்பாதி ஆரஞ்சு, பப்புவா பக்கம் அயமாரு ஏரிகள்ல இருந்து வந்தது, அங்கயும் காரத்தண்ணிதான், அதனால எங்க தண்ணிக்கு டேனியோவ விட இதுதான் பொருத்தம். சின்னதுல நிறமே தெரியாது, வெள்ளி மாதிரி இருக்கும், ஒரு வருஷம் பொறுக்கணும். மூணாவது மிஸ் கேரளா. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அதுமேல தனிப் பாசம், எனக்கும்தான், ஆனா வளபட்டணம், சாலியாறு மாதிரி மலையாத்துல ஓடற குளுந்த மெதுத்தண்ணில வாழறது, 28 டிகிரி சப்பைத்தண்ணில கொண்டுவந்து போட்டா வதைக்கறதுதான். அழியற நிலைல இருக்கற மீன்னு பட்டியல்ல வேற இருக்கு. ஒத்தப்பாலத்து மாப்ளைக்கு அந்தத் தண்ணில சிக்லிட்டே வேண்டாம், பண்ணைல பொரிச்ச மிஸ் கேரளாவ தனி டேங்க்ல வெச்சா நல்லா இருக்கும்னு அப்புறமா சொன்னேன்.

இப்ப பெரிய சண்டைக்கு வர்றேன். மபூனா கூட பீகாக் சிக்லிட் விடலாமா? ரெண்டும் மலாவி, ரெண்டுக்கும் ஒரே தண்ணி, அதனால முதல் கேள்வில பாஸ். ரெண்டாவதுலதான் விழுந்துருது. மபூனாவுல பெரும்பாலானது பாறைல படிஞ்ச பாசிய சுரண்டித் திங்கறது, குடல் நீளம். பீகாக் மணலுக்குள்ள அசையற புழு பூச்சிய தலைல இருக்கற சின்னச்சின்ன குழி வெச்சு உணர்ந்து புடிச்சுத் திங்கறது. பீகாக்குக்குன்னு ரத்தப்புழுவும் புரோட்டீன் உணவும் போட்டுக்கிட்டே இருந்தா மபூனாவுக்கு வயிறு ஊதும், சாப்பிடறத நிறுத்தும், வெள்ளையா நூல் மாதிரி கழிவு போகும், அந்த நிலைக்குப் போனா காப்பாத்தறது கஷ்டம். சரி ஸ்பைருலினா, அதாவது பாசில செஞ்ச தீனி மட்டும் போடலாம்னா பீகாக் இளைக்கும். இதுபோக மபூனா விரட்டற விரட்டுல பீகாக் ஆம்பளை நிறத்த விட்டுட்டு சாம்பலா நிக்கும், அந்த நிறத்துக்காகத்தானே வாங்கறோம்? இதுல ஒரே ஒரு விதிவிலக்கு எல்லோ லேப். அது மபூனா தான், ஆனா சாது, ஏரிலயும் பூச்சி நத்தை திங்கற பழக்கம் உள்ளது, அதனால பீகாக் கூட ஒத்துப்போகும். என் தம்பி 5 அடி டேங்க்ல லேப்பும் ஆம்பளை பீகாக் மட்டும் அஞ்சும் வெச்சிருக்கான், அருமையா இருக்கு. பீகாக் பொம்பளைங்க எல்லாம் ஒரே சாம்பல், ஜாதி கலந்து கலப்பு குஞ்சு வந்துரும்னு அவன் பொம்பளையே வாங்கல.

ஒண்ணு சொல்லணும், கூட விடற மீனத் தேடறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறது யாருன்னு பாருங்க. மஞ்சள்ல கறுப்புக்கோடு போட்ட குட்டிய “எல்லோ சிக்லிட்”னு எனக்கு வித்தாங்க, அது ஆரட்டஸ். ஆம்பளை பெருசானதும் கறுத்துப்போயி ராத்திரியோட ராத்திரியா ரெண்டு ரஸ்டிய கொன்னுருச்சு. ஆரட்டஸ், கென்யி மாதிரி முரட்டு மபூனா உள்ள இருந்தா சைனோவத் தவிர வேற யாரும் நிம்மதியா இருக்க முடியாது.

மிச்சத்த சீக்கிரமா சொல்லிடறேன். ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் ரெண்டும் அமெரிக்க வழி, பெருசாகும், வாயில அடங்கறத முழுங்கும், வேண்டவே வேண்டாம். பேரட் மனுஷன் கலந்து உண்டாக்கின மீன், வாய் சரியா மூடாது, மபூனா கூட போட்டி போட்டு சாப்பிடவே முடியாது, பாவம். ரெட் டெயில் ஷார்க் ஒண்ணே ஒண்ணு விடலாம், அதுக்கும் ஒரு மூலை பிடிச்சுக்கும், பிஎச் 8 அதுக்கு கொஞ்சம் ஓவர். கரிமீன் கேரளாவோட மாநில மீன், அதுவும் சிக்லிட் தானேன்னு கேட்டாங்க. சிக்லிட் தான், ஆனா காயல் மீன், உப்பு கலந்த தண்ணியும் பெரிய இடமும் வேணும். குளத்துல பிடிச்ச ஜிலேபி, நம்ம சிலோப்பி, அதுவும் 1952-ல இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கன் சிக்லிட் தான், அதுக்காக டேங்க்ல விட்டா ஒரே மாசத்துல மத்தது எல்லாத்தயும் ஓரங்கட்டிரும்.

விடற வரிசையும் இருக்கு. டேனியோவும் சைனோவும் முதல்ல, மபூனா கடைசில. ஏற்கனவே மபூனா இருந்தா பாறை எல்லாத்தயும் இடம் மாத்தி அடுக்கிட்டு, லைட்ட அணைச்சுட்டு விடுங்க, யாருக்கும் சொந்த எல்லை இல்லாதப்ப புதுசும் பழசும் ஒண்ணுதான். ஒரே நாள்ல எல்லாத்தயும் கொட்டாதீங்க, பிஎச் 8-ல அம்மோனியா கொஞ்சம் ஏறினாலே மெதுத்தண்ணிய விட பல மடங்கு விஷம்.

இப்ப என் டேங்க்ல 16 மபூனா கூட 5 பெட்ரிகோலா, 8 டேனியோ. போசெமானி 6 சொல்லி வெச்சிருக்கேன், கோயம்புத்தூர் கடை அண்ணன் சென்னை கொளத்தூர்ல இருந்து லோடு வந்ததும் போன் பண்றேன்னு சொல்லியிருக்காரு. வந்ததும் டேனியோவ தம்பி டேங்க்குக்கு மாத்திருவேன்.