விடாமல் நீந்துவதா, கரையில் இருப்பதா: அறுபதுக்கு மேல் எது சரி?

நெல்லையில் தாமிரபரணியின் குறுக்குத்துறையில் என்னோடு காலையில் நீந்துகிற இருவர் இந்த விஷயத்தில் இரு துருவங்கள். எல்லோரும் அண்ணாச்சி என்று அழைக்கும் பெரியவர் காய்ச்சல் அடித்தாலும் ஆற்றில் இறங்குவார். என் மைத்துனரோ தோள் லேசாகப் பிடித்தாலே மாதக்கணக்கில் வரமாட்டார். மூவருக்கும் வயது அறுபதுக்கு மேல். இருவர் வழியையும் நான் நடந்து பார்த்துவிட்டேன்.

நீச்சலை விட்டால் உடம்பு தளர்ந்துவிடும் என்ற அண்ணாச்சியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்த வயதில் தசை தானாகவே கரைகிறது. இழந்ததை மீட்க இளைஞனைவிட நமக்கு நாள் அதிகம் பிடிக்கும். ஜப்பானின் மியேக்கோ நாகவோக்கா 2015இல் தம் 100ஆவது வயதில் 1,500 மீட்டரை நீந்தி முடித்தார். முதுமை நீச்சலுக்குத் தடை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் தோளையும் கேட்க வேண்டும். 25 மீட்டருக்கு இருபது கைவீச்சு என்றால் ஒரு கிலோமீட்டருக்கு எண்ணூறு. தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் அது ஆறுவதும் மெதுவாகத்தான். இன்றைய தேய்மானம் ஆறும் முன்பே நாளைய எண்ணூறு வந்து சேர்ந்தால் அது எப்போது ஆறும்?

மைத்துனரின் வழியை எனக்குக் கற்றுக்கொடுத்தது தாமிரபரணி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்துக்குப் பிறகு ஐந்து வாரம் நான் தண்ணீரில் இறங்கவில்லை. முதல் பத்து நாள் உண்மையிலேயே வரம்தான்; நெடுநாள் தோள்வலி போய்விட்டது. பிறகு மாடிப்படி ஏறும்போதே மூச்சு இரைக்கத் தொடங்கியது. இரண்டு வார ஓய்வில் இழப்பு சொற்பம். அதைத் தாண்டினால் முதலில் குறைவது மூச்சுத்திறன். தசை வலிமை இன்னும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். திரும்பி வந்ததும் பழைய தூரத்தையே நீந்தினேன். நான்காம் நாள் வலியும் பழையபடி வந்துவிட்டது.

இப்போது நான் நாளைக் குறைப்பதில்லை, தூரத்தைக் குறைக்கிறேன். என் தீர்ப்பு இதற்குத்தான். காலையில் எழுமுன் படுத்தபடியே நாடியை எண்ணுகிறேன். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இரண்டு நாள் நீடித்தால் அன்று பாதித் தூரம், அதுவும் நிதானமாக. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடியை மெதுவாக்கும் என்பதால் அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. நீந்தி நின்றதும் ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிகிறதா என்று பார்க்கலாம். ஆற்றில் மீட்டர் கணக்கும் ஏமாற்றும். நீரோட்டத்தோடு போன 200 மீட்டரும் எதிர்த்து வந்த 200 மீட்டரும் ஒன்றல்ல. உடம்பு தேறிவரும் நாட்களில் பாளையங்கோட்டை நீச்சல் குளமே எனக்கு மேல்.

முழு ஓய்வைத் தவிர வேறு வழியில்லாத நேரங்களும் உண்டு. மூக்கு மட்டும் ஒழுகினால் மெதுவாக நீந்தலாம். காய்ச்சல், நெஞ்சுச்சளி, உடம்புவலி என்றால் இறங்கவே கூடாது. வைரஸ் காய்ச்சல் இதயத்தசையையும் அழற்சியில் தள்ளக்கூடும். இரு தோளும் மந்தமாக வலித்து மறுநாள் தீர்ந்தால் வெறும் களைப்பு. ஒரே தோளில் ஒரே இடத்தில் குத்தி, ஒருக்களித்துப் படுத்தால் தூக்கத்தைக் கலைக்கும் வலி என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அந்தக் கணமே கரையேறி, நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மைத்துனரை வரும் திங்கட்கிழமை குளத்துக்கு அழைத்திருக்கிறேன், 200 மீட்டருக்கு மட்டும். அண்ணாச்சிக்கு இருமல் இன்னும் விடவில்லை, நேற்று இரவு காய்ச்சலும் இருந்ததாம். நாளை நான் முன்னதாகவே போய் அவரைப் படித்துறையிலேயே நிறுத்திவிட வேண்டும்.