டோபமைன் ஏற்பிகளைப் படம்பிடிக்க எது மேல்: ராக்லோபிரைடா, ஃபாலிபிரைடா?

டோபமைன் மூளையின் சமிக்ஞைப் பொருள். அது போய் ஒட்டும் புரதங்களே ஏற்பிகள். அவற்றைப் படம்பிடிக்க உடலில் செலுத்தும், கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறுதான் தடங்காட்டி. ராக்லோபிரைடும் ஃபாலிபிரைடும் அப்படிப்பட்டவை. ஒரு மூலக்கூறு ஏற்பியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறதோ அவ்வளவுக்கு அது நல்ல தடங்காட்டி என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. டோபமைன் ஏற்பிகளில் ஒரு வகையான டி2 ஏற்பிகளைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் துறையின் ஆய்வு முடிவுகளைப் படித்தால் குழப்பமே மிஞ்சும்.

1983-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹென்றி வாக்னர் குழுவினர் உயிருள்ள மனித மூளையில் இந்த ஏற்பிகளை பெட் ஸ்கேன் (உடலுக்குள் செலுத்திய கதிரியக்கப் பொருளைப் படமாக்கும் முறை) மூலம் படம்பிடித்தார்கள். கையாண்டது கார்பன்-11 ஏற்றிய என்-மெத்தில்ஸ்பைபரோன். ஏற்பியைப் பற்றினால், ஸ்கேன் முடியும்வரை அநேகமாக விடாத மூலக்கூறு அது. மனச்சிதைவு நோயாளிகளிடம் டி2 ஏற்பிகள் கூடுதலாக இருக்கின்றன என்று 1986-ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, அதே மூலக்கூறைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியானது. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டே குழுவினர், மருந்தே தொடங்காத நோயாளிகளை ராக்லோபிரைடால் அளந்து, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 1990-ல் எழுதினார்கள். நோய் ஒன்று, ஏற்பி ஒன்று, விடை இரண்டு! ஸ்பைபரோன் வகை மூலக்கூறு, செரட்டோனின் என்ற வேறொரு சமிக்ஞைப் பொருளின் ஏற்பிகளிலும் ஒட்டும். அதன் அளவீட்டுக் கணக்கும் வேறு. எந்தத் தடங்காட்டி என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ராக்லோபிரைடின் பிடி மிதமானது. டி2 ஏற்பிகளிலும் அவற்றையொத்த டி3 வகையிலும் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். அதனால் மூளையில் இயல்பாகச் சுரக்கும் டோபமைன் பெருகினால், அதற்கு இடம்விட்டு விலகும். படத்தில் சமிக்ஞை குறையும். அந்தக் குறைவே டோபமைன் சுரப்பின் அளவுகோலாகிறது. 1998-ல் லண்டனில் நடந்த ஆய்வு ஒன்றில், ஸ்கேனுக்குள் படுத்தபடி டாங்கி ஓட்டும் வீடியோ விளையாட்டை ஆடியவர்களின் மூளை ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் ராக்லோபிரைடு ஒட்டுவது குறைந்ததைக் கண்டார்கள். பலவீனம் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய குணம்தான் இங்கே முழுப் பலனையும் தந்தது.

ஆனால் அதன் எல்லை குறுகியது. ஏற்பிகள் செறிந்திருக்கும் ஸ்ட்ரையேட்டத்தில்தான் அது நம்பகமாக அளக்கும். மூளையின் நடுவிலுள்ள தாலமஸிலும் வெளியடுக்கான பெருமூளைப் புறணியிலும் ஏற்பிகள் பல மடங்கு குறைவு. அங்கே ராக்லோபிரைடின் சமிக்ஞை, ஏற்பிகள் மிகக் குறைவான சிறுமூளையின் பின்னணி அளவிலிருந்து சரியாகப் பிரிந்து தெரியாது. புறணியில் ராக்லோபிரைடு அளவீடு என்று யாராவது பெரிய முடிவு சொன்னால் நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

ஃபாலிபிரைடின் இடம் அங்கேதான். அதன் பிடி பல பத்து மடங்கு வலுவானது. தாலமஸ், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா, மூளையின் பக்கவாட்டிலுள்ள டெம்போரல் புறணி வரை காட்டும். டோபமைன் மாற்றங்களையும் அது ஓரளவு காட்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு விலை நேரம். ஸ்ட்ரையேட்டத்தில் ஒட்டுவதற்கும் விடுவதற்கும் இடையே சமநிலை வர நெடுநேரம் ஆவதால், ஸ்கேன் இடைவேளைகளோடு மூன்று மணி நேரம்கூட நீளும். ராக்லோபிரைடுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி போதும். நடுக்கமுள்ள நோயாளியை அசையாமல் படுக்கவைக்க வேண்டியவருக்கு இது சிறிய வேறுபாடு இல்லை.

இன்னொரு வேறுபாடு கதிரியக்கத்தில். ராக்லோபிரைடில் ஏற்றும் கார்பன்-11-இன் அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், சுமார் 20 நிமிடம். ஃபாலிபிரைடில் ஏற்றும் ஃபுளோரின்-18-க்கு 110 நிமிடம். கதிரியக்க அணுக்களை உருவாக்கும் சைக்ளோட்ரான் கருவியிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடை மெத்தில் அயோடைடாக மாற்றி, மூலக்கூறில் இணைத்து, தூய்மைப்படுத்தி, தரம் பார்த்து, ஊசியில் ஏற்றுவதற்கு 40 நிமிடம் ஆனாலே முக்கால் பங்கு கரைந்துவிடும். ஆகவே சைக்ளோட்ரான் அதே வளாகத்தில் வேண்டும். ஃபுளோரின்-18 இரண்டு மணி நேரத்திற்குப் பிறகும் ஏறக்குறைய பாதி மிச்சமிருக்கும். பக்கத்து நகரத்திலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம்.

மனச்சிதைவு நோய் மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் ஆய்வென்றால் என் தேர்வு ராக்லோபிரைடு. ஸ்ட்ரையேட்டத்தின் டி2 ஏற்பிகளில் சுமார் 65 சதவீதம் மருந்தால் நிரம்பினால் பலன் தெரியத் தொடங்குகிறது, 80-ஐ நெருங்கினால் விறைப்பும் நடுக்கமும் தலைகாட்டுகின்றன என்ற அறிவு பெரும்பாலும் அதன் வழியே கிடைத்தது. புறணியைப் பற்றிய கேள்வி என்றால் தயங்காமல் ஃபாலிபிரைடு.

இன்னொரு தடங்காட்டி, கனடாவின் டொரொண்டோவில் மனிதர்களிடம் முதலில் பயன்படுத்தப்பட்ட பிஎச்என்ஓ. அது டி3 ஏற்பிகளை அதிகம் விரும்பும், டோபமைனைப் போலவே ஏற்பியைத் தூண்டும் வகை. ஸ்ட்ரையேட்டத்தை ஒட்டியுள்ள குளோபஸ் பாலிடஸ் போன்ற பகுதிகளுக்கு நல்லது. அளவு கூடினால் குமட்டும் என்பதால் மிகச் சிறிய அளவே கொடுக்க முடியும்.

பெட் ஸ்கேனே இல்லாத மருத்துவமனைகளுக்கு கதிரியக்கத்தைப் படமாக்கும் மற்றொரு வகையான ஸ்பெக்ட் கருவியும், அதற்கான தடங்காட்டியாக அயோடின்-123 ஏற்றிய ஐபிஇசட்எம்மும் இருக்கின்றன. அரை ஆயுட்காலம் 13 மணி நேரம். படத்தின் கூர்மை குறைவு. ஆனாலும் டோபமைனைச் சுரக்கத் தூண்டும் ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்தபோது மனச்சிதைவு நோயாளிகளிடம் டோபமைன் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுரக்கிறது என்று 1996-ல் காட்டியது இந்த எளிய தடங்காட்டிதான். அடுத்த ஆண்டு ராக்லோபிரைடு ஆய்வும் அதை உறுதிசெய்தது. ஏற்பிகளின் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்துகொண்டிருந்த வழக்கு, அதன் பிறகு சுரப்பின் பக்கம் திரும்பியது.