நான்கு டிராக் கேசட்டில் ஒரு மனம்: ஜான் ஃப்ரூஷியான்டேயின் முதல் தனி ஆல்பம்

அமெரிக்க ராக் இசைக்குழுவான ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸை விட்டு 1992-ல் விலகிய கிட்டார் கலைஞர் ஃப்ரூஷியான்டே, 1994-ல் வெளியிட்டது ‘நியாண்ட்ரா லாடெஸ் அண்ட் யூஷுவலி ஜஸ்ட் எ டி-ஷர்ட்’. மொத்தம் 25 பாடல்கள், 70 நிமிடம் போல ஓடும். அந்த இசைக்குழுவின் ஃபங்க் (funk) தாளத் துள்ளலைத் தேடினால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் ஒரு கிட்டார், ஒரு குரல், கேசட்டின் இரைச்சல், அவ்வளவே.

குரல் சுருதி விலகும், உச்சத்தில் கீறும். பலர் இதைக் குறை என்கிறார்கள். எனக்கு இதுதான் ஆல்பத்தின் உயிர். பேட் பிரெயின்ஸ் இசைக்குழுவின் அதிவேக பங்க் (punk) ராக் பாடல் ஒன்றை அக்கூஸ்டிக் கிட்டாரில் நிதானமாகப் பாடியிருப்பதைக் கேளுங்கள், புரியும்.

கிட்டார் பின்னோக்கி ஒலிக்கும் இடங்கள் அபாரம். ஒரே நாடாவில் நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் நான்கு டிராக் ரெக்கார்டரில் கேசட்டைத் திருப்பிப் போட்டால் பதிந்தது தலைகீழாக ஓடும், முதல் டிராக் நான்காவதாகிவிடும். அதன்மேல் வாசித்துவிட்டு மறுபடி திருப்பினால், புது வாசிப்பு மட்டும் பின்னோக்கிக் கேட்கும். ஒவ்வொரு ஸ்வரமும் மெல்ல வீங்கி சட்டென அறுபடும். கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு) எங்கே மாறும் என்று தலைகீழாகக் கணக்குப் போடாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்; இவர் குழம்பவில்லை.

பெயரில்லாத 13 பாடல்கள் கொண்ட இரண்டாம் பாதி சில இடங்களில் இழுக்கிறது. அதைத் தனியாக, இன்னொரு நாள் கேட்கலாம். ஹெட்ஃபோன் அவசியம், ஃபோன் ஸ்பீக்கரில் அடுக்கடுக்கான கிட்டார்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஷஃபிளில் போடவே வேண்டாம்.