கட்டணம் பெற்று எழுதும் ஒலிக்கருவி மதிப்புரைகள்: டர்பன் சேவை ஒன்றைப் பற்றி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இயங்கும் ஒலிக்கருவி மதிப்புரைச் சேவை ஒன்று, தன் ஒவ்வொரு மதிப்புரையின் தொடக்கத்திலும் அதற்காக இறக்குமதியாளரிடம் கட்டணம் பெற்றிருப்பதை அறிவித்துவிடுகிறது. அந்நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் கோயில் கூடத்துக்கும் தேவார வகுப்புக்கும் ஸ்பீக்கர் வாங்கும் பலர் இச்சேவையின் சொல்லைக் கேட்ட பிறகே கடைக்குப் போகின்றனர். ஆகவே அதன் நேர்மையை எடைபோட்டுப் பார்ப்பது அவசியம் என்று கருதுகிறேன். அந்த அறிவிப்பு பாராட்டுக்குரியது. பணம் பெற்றுக்கொண்டு சமூக ஊடகங்களில் பொருள்களைப் பரிந்துரைப்போர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று தென்னாப்பிரிக்க விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் நெறிமுறை கூறினாலும், அதைப் பற்றி வாய் திறக்காதவர்கள் இங்கே ஏராளம்.

ஆயினும் கட்டணம் வாங்கியதைச் சொல்லிவிட்டாலே எழுதியது நியாயமாகிவிடாது. மதிப்புரைக்கு வந்த கருவி கடையில் விற்கும் சரக்கிலிருந்து எடுக்கப்பட்டதா, நிறுவனமே பொறுக்கி அனுப்பியதா என்று இச்சேவை சொல்வதில்லை. எழுதி முடித்த பின் கருவி திருப்பி அனுப்பப்பட்டதா, இரவல் என்ற பெயரில் எழுதியவர் வீட்டிலேயே தங்கிவிட்டதா, சலுகை விலையில் அவருக்கே விற்கப்பட்டதா என்பதும் தெரிவதில்லை. குறை கண்டுபிடித்தால் அந்த மதிப்புரை வெளிவருமா, முடங்கிவிடுமா என்பதே என்னை மிகவும் உறுத்தும் கேள்வி. அமெரிக்காவில் 1936 முதல் இயங்கும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, தான் சோதிக்கும் பொருள்களைச் சாதாரண வாடிக்கையாளரைப் போலக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறது. தன் இதழில் விளம்பரமும் ஏற்பதில்லை. சிறிய சேவை ஒன்றிடம் அவ்வளவு செலவை எதிர்பார்க்க முடியாது. நிபந்தனைகளை எழுதிவைக்கச் செலவு ஏதும் இல்லையே!

இச்சேவை மிக உயர்வாகப் பேசிய, உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் கொண்ட சிறிய ஸ்பீக்கர் இணை ஒன்றை நான் முழு விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்துகிறேன். குரலைத் தெளிவாகத் தருகிறது. ஓதுவார் பாடும்போது சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. இவ்வளவும் மதிப்புரையில் உள்ளபடியே இருக்கிறது. ஆனால் தாழ்ந்த ஒலிகளில் 45 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 45 அதிர்வு) வரை இறங்கும் என்று நிறுவனம் அச்சிட்டதை, அங்கே ஒலியளவு எத்தனை டெசிபெல் குறைகிறது என்று கேட்காமலே மதிப்புரை அப்படியே ஒப்பித்திருக்கிறது. 3 டெசிபெல் குறைந்த இடத்தில் எடுத்த எண்ணுக்கும் 10 டெசிபெல் குறைந்த இடத்தில் எடுத்த எண்ணுக்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. நாகசுரக் கச்சேரிப் பதிவொன்றைச் சற்று உரக்க வைத்துக் கேட்டால், தவிலின் தொப்பியில், அதாவது கோலால் அடிக்கும் பக்கத்தில், கோல் விழும்போதெல்லாம் பின்புறக் காற்றுத் துளை 'புஸ்' என்று சீறுகிறது. பாட்டே ஓடாத நேரத்திலும் ட்வீட்டரிலிருந்து (உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு பகுதி) மெல்லிய இரைச்சல் வந்துகொண்டே இருக்கிறது. கூடத்தில் அது கேட்காது, மேசையில் ஓரடி தூரத்தில் வைத்துக் கேட்பவருக்கு நிச்சயம் கேட்கும். இரண்டில் ஒன்றைக்கூட மதிப்புரை குறிப்பிடவில்லை. செவியுள்ள எவரும் முதல் மாலையிலேயே கவனிக்கக்கூடிய குறைகள் இவை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நற்பண்புதான். ஆனால் பணம் கொடுத்து ஏமாறப்போகும் வாசகனை மறந்துவிட்டு அந்த நன்றியைக் காட்டக் கூடாது.

ஒப்பிட்டுக் காட்டும் முறையிலும் நியாயம் குறைவு. இரண்டு ஸ்பீக்கர்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒன்று சற்றே உரத்து ஒலித்தால்கூட, அதுவே தரமானது என்று காது நம்பிவிடும். அதனால்தான் பொறுப்புள்ள சோதனையாளர்கள் ஒலியளவைக் கருவியால் அளந்து சமப்படுத்திய பிறகே ஒப்பிடுகின்றனர். கண்ணும் தன் பங்குக்கு ஏமாற்றுகிறது: ஒலியியல் ஆய்வாளர்களான ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தபோது கேட்டவர்கள் அளித்த மதிப்பெண்கள், அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது மாறிவிட்டன. சோதனையில் கவனித்துக் கேட்டவர்களின் தீர்ப்பே இப்படித் தடம் மாறும் என்றால், கட்டணம் பெற்றவர் திரையும் அளவுமானியும் இல்லாமல் சொல்லும் தீர்ப்பை எப்படி ஏற்பது?

இணைப்பு முறை, கம்பிகளின் நீளம், ரிமோட்டின் வசதி போன்றவற்றை இச்சேவை பொறுமையாகவும் படங்களோடும் விளக்குகிறது. அந்தப் பகுதிகளைத் தாராளமாக நம்பலாம். "இந்த விலையில் இதற்கு நிகரில்லை" என்ற முடிவுரையை மட்டும் நிறுவனத்தின் விளம்பரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் தாங்கள் நன்கறிந்த பதிவொன்றைக் கடைக்கே எடுத்துச் சென்று, இரண்டு மூன்று ஸ்பீக்கர்களில் ஒரே ஒலியளவில் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்கமோ மாற்றுப் பொருளோ பணமோ கோரலாம். ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மதிப்புரையில் படித்த இனிமை வீட்டில் கேட்கவில்லை என்பதைப் பழுது என்று கடைக்காரர் ஏற்கமாட்டார் என்பதால், கேட்டுப் பார்க்கும் வேலையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.